காய்கறி ஏறும் விமானம்: நெடும்பாசேரி தரும் பாடம்

காலையில் பறித்த வெண்டையும் பாகலும் மறுநாள் வளைகுடா நாட்டுச் சந்தையில் வாடாமல் இருக்க வேண்டுமானால், நல்ல விதையும் உரமும் மட்டும் போதா. நல்ல சாலை, குளிர்பதன அறை, விமான வசதி ஆகியனவும் தேவை. இவற்றை அமைக்க அரசின் பணம் மட்டும் போதாதபோது என்ன செய்வது? கேரளத்தின் நெடும்பாசேரி இதற்கு வழிகாட்டுகிறது.

பலர் கூடி இழுத்த தேர்

கொச்சியில் கடற்படையின் பழைய விமான தளம் பெரிய விமானங்களுக்குப் போதவில்லை. எனவே 1994-இல் தனி நிறுவனம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. கேரள அரசுடன் சுமார் 30 நாடுகளில் வாழும் ஏறத்தாழ 10,000 இந்தியர்களும் முதலீடு செய்தனர். 1999 மே 25-இல் நிலையம் திறக்கப்பட்டது. அரசும் தனியாரும் கூடி இந்தியாவில் அமைத்த முதல் விமான நிலையம் இதுவே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநில அரசிடம் இருப்பதால், இலாபத்தில் அரசுக்கும் பங்கு கிடைக்கிறது.

தண்ணீர் தந்த எச்சரிக்கை

பெரியாற்றுக்கு அருகில், தாழ்வான நிலப்பகுதியில் நிலையம் அமைந்துள்ளது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கியது. 15-ஆம் தேதி முதல் 29-ஆம் தேதி வரை விமானங்கள் இயங்கவில்லை. ஓணமும் இந்த நாட்களிலேயே வந்தது. திருநாள் சந்தையை நம்பிக் காய்கறி அனுப்புவோருக்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, முதலீட்டைத் திட்டமிடும்போதே வடிகாலையும் திட்டமிட வேண்டும். வாய்க்காலும் ஓடையும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது உள்ளூர் உழவருக்கே நன்கு தெரியும். அவரைக் கேட்காமல் வரைபடம் போடுவது கூடாது.

தகட்டின் கீழே பயிர்

2015 ஆகஸ்டில் இங்கு 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தகடுகளுக்கு இடையே பூசணி, சேனை, மஞ்சள் முதலியன பயிராயின. தகடு கழுவிய நீரே பாசனமாயிற்று. களையும் கட்டுப்பட்டது.

உழவர் செய்ய வேண்டியவை

வாடிய காயைக் குளிர்பதன அறை மீட்காது. எனவே, காய்களை அதிகாலையில் பறித்து உடனே நிழலில் சேர்க்கவும். அடிபட்டவற்றையும் பூச்சி துளைத்தவற்றையும் கழிக்கவும். ஈரத்துடன் பெட்டியில் அடைக்க வேண்டாம். பயணம் விமான நிலையத்தில் அல்ல, வயல் வரப்பிலேயே தொடங்குகிறது.