நவீன சித்திரங்களும் நமது தீர்ப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றிய நவீன சித்திரங்களைக் கண்டதும் நகைப்பது, நம்மவரிற் படித்தவர்களுக்கும் வழக்கமாய்விட்டது. கண் ஓரிடத்தில், மூக்கு வேறிடத்தில். குழந்தைகூட இதைவிட நன்றாய் எழுதுமே என்கின்றனர். பிரதிவாதியை விசாரியாமலே தீர்ப்புக் கூறும் நியாயாதிபதியை நாம் மதிப்பதுண்டா? சித்திரத்துக்கு மட்டும் அவ்வநீதி தகுமோ?

ஸால்வடார் டாலி என்ற ஸ்பானியச் சித்திரக்காரர் 1931-ஆம் வருஷத்தில் எழுதிய "ஞாபகத்தின் நிலைபேறு" என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்திலுள்ள இப்படத்தின் உயரம் 24 சென்டிமீட்டர், அகலம் 33 சென்டிமீட்டர், அவ்வளவே. பட்ட மரத்தின் கிளையில் ஒரு கடியாரம், உலரப்போட்ட ஈரத்துணிபோல் தொங்குகிறது. மற்றொன்று மேடையின் விளிம்பில் வழிகிறது. அதன்மேல் ஓர் ஈ. மூன்றாவது, உறங்கும் முகம் போன்ற ஏதோ ஓர் உருவத்தின்மேல் துவண்டு கிடக்கிறது. கெட்டியாயுள்ள நான்காவதை எறும்புகள் மொய்க்கின்றன. தூரத்தில் தெரியும் கட்டலோனியக் கடற்கரைப் பாறைகளோ, பழைய ஆசிரியர்களும் மெச்சும் நுட்பத்துடன் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுதத் தெரியாதவர் எழுதியதென்ற குற்றச்சாட்டு இங்கே நில்லாது.

பொருள் என்னவெனில், கனவிலே காலத்தைக் கடியாரங்கொண்டு அளந்தவர் யார்? நொடியில் ஒரு ஜன்மம் கழிகிறது. இறந்த தந்தை எதிரே வந்து பேசுகிறார். அக்கனவுலகையே கலைக்குரிய நிலமாகக் கொள்ளவேண்டுமென்று 1924-இல் ஆந்திரே பிரெத்தோன் பாரிஸில் அறிக்கை வெளியிட்டார். ஸர்ரியலிஸம் என்பது அதுதான்.

இவ்வகைப் படங்கள் யாவும் உயர்ந்தவை என்று நாம் சாதிக்க வரவில்லை. திகைக்கவைப்பதற்கென்றே எழுதியவையும் ஏராளம். டாலியே பிற்காலத்தில் விளம்பர மோகத்தில் அலைந்தவர்தாம். பிடிக்கவில்லையென்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் அந்த நகைப்பை அரசாங்கமே கைக்கொண்டால் என்ன விளையுமென்பதற்கு ஜெர்மனி சாட்சி.

1937 ஜூலை 19-ஆம் தேதி மியூனிச் நகரில் நாஜிகள் "சீர்குலைந்த கலை" என்ற பெயரால் ஒரு கண்காட்சி திறந்தனர். பொதுக் கலைக்கூடங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புக்களை நெருக்கி மாட்டி, சுவரெல்லாம் ஏளன வாசகங்களை எழுதிவைத்தனர். பால் க்ளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படங்கள் அங்கே அவமதிக்கப்பட்டன. அவ்விருவரின் படங்கள் 1922-லேயே கல்கத்தாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டு, நம் நாட்டார் அவற்றை மரியாதையுடன் பார்த்திருந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மியூனிச்சுக்கு வந்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். அவர்களில் எத்தனைபேர் சிரிக்க வந்தனர், எத்தனைபேர் விடைகொடுக்க வந்தனர் என்பதை எந்த அதிகாரியும் கணக்கெடுக்கவில்லை.

அவ்வரங்கில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1923-இல் எழுதிய "அழகிய தோட்டக்காரி" என்னும் படமும் இருந்தது. பின்னர் அது எங்கே போயிற்றென்று இன்றளவும் தெரியவில்லை. நாஜி ஆட்சி வீழ்ந்து இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின், 1967-இல், முதுமையெய்திய எர்ன்ஸ்ட் அத்தோட்டக்காரியை மீண்டும் எழுதி, "தோட்டக்காரியின் திரும்புகை" என்று அதற்குப் பெயரிட்டார்.