குறைமாதப் பிரசவமும் கைத்தொலைபேசிச் சித்திரக்கதையும்

37 வாரங்கள் நிறைவதற்கு முன்னர் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், 2020 ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஐந்து வயதுக்குள் நேரும் மரணங்களுக்கு முதற் காரணமும் இதுவே. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும், "பாரம் தூக்கியிருப்பாள்", "மாடிப்படி ஏறி இறங்கியிருப்பாள்" என்று தாயின் தலையில் பழியைப் போடுவதோடு பேச்சு முடிந்துவிடும்.

பிரித்தானியாவில் வாழும் நம் பெண்களுக்கு வைத்தியசாலையில் தகவல் கிடைக்காமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் அது ஆங்கிலத்தில், பந்தி பந்தியாக இருக்கிறது. புதிதாக வந்த பெண் அதைக் கணவனிடம் நீட்டுகிறாள். அவர் தனக்கு விளங்கியதைச் சொல்கிறார், கூச்சமானதை விட்டுவிடுகிறார். விடுபடுவது பெரும்பாலும் முக்கியமான விடயமாகவே இருக்கிறது. வெள்ளைபடுதல் வழமைக்கு மாறாகத் தண்ணீராகவோ இரத்தம் கலந்தோ போகிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா, அடிவயிற்றில் கீழ்நோக்கி அழுத்துவதுபோல இருக்கிறதா என்பவை மாமி பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக்கூடிய விடயங்களா?

இந்த இடத்தில்தான் கைத்தொலைபேசியில் பார்க்கும் சித்திரக்கதை உதவும் என்று நாம் நினைக்கிறோம். நோயையும் உடலையும் சித்திரக்கதையாகச் சொல்லும் முறைக்கு, வைத்தியரும் ஓவியருமான இயன் வில்லியம்ஸ் 2007 இல் 'கிராஃபிக் மெடிசின்' என்று பெயரிட்டார். முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வாசித்து வளர்ந்தவர்களுக்குப் படம் பார்த்துக் கதை பிடிப்பது புதிதல்ல. வட்ஸ்அப்பில் வரும் நான்கு படங்களை இரவில், தனியாக, எத்தனை முறையும் பார்க்கலாம். எழுத்து வாசிக்கக் கடினமானவர்களுக்குக் குரலும் சேர்க்கலாம். இன்னொரு பயன், சொல்ல வெட்கப்படுவதைப் படத்தில் தொட்டு மிட்வைஃபிடம் காட்டலாம்.

அந்தக் கதை எதைச் சொல்ல வேண்டும்? முதலில், முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள், நாலைந்து மாதத்தில் கருவை இழந்தவர்கள், கருப்பைக் கழுத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் நடந்தது இங்குள்ள கோப்பில் இராது. சொன்னால்தான் 16 முதல் 24 வாரத்துக்குள் கருப்பைக் கழுத்தின் நீளத்தை ஸ்கானில் அளப்பார்கள். முன்பு இப்படி நேர்ந்த பெண்ணுக்கு அது 25 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால், யோனி வழியாக வைக்கும் புரோஜெஸ்டரோன் மருந்தும் தையலும் இருக்கின்றன. இந்தத் தையல் முறையை 1955 இல் விபரித்தவர் பம்பாய் வைத்தியர் சிரோட்கர் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியாத சங்கதி. சிறுநீர்த் தொற்றைக் குணப்படுத்துவது, புகைத்தலை விடுவது, நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம் போதும்.

கூடுதல் படங்கள் தேவைப்படுவது நேரத்துக்கு. வலி விட்டுவிட்டு ஒழுங்காக வருகிறது, பன்னீர்க்குடம் உடைந்து நீர் கசிகிறது, நேரம் இரவு இரண்டு மணி. "விடியட்டும், அவர்களைத் தொந்தரவு செய்யாதே" என்கிறார் அம்மா. பிள்ளையின் நுரையீரலைத் தயார்ப்படுத்தும் ஸ்டீரோயிட் ஊசி வழமையாக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. மிக முன்னதாகப் பிறக்கப்போகும் பிள்ளையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேற் கொடுக்கிறார்கள். குறைமாதச் சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குத் தாயை மாற்றவும் நேரம் வேண்டும். விடியும்வரை காத்திருந்தால் பறிபோவது இந்த மணித்தியாலங்கள்தான். ஆகவே கதையில் வரும் பெண் அந்த இரவிலேயே தொலைபேசியை எடுக்க வேண்டும், அம்மா பக்கத்தில் முகம் சுளித்துக்கொண்டு நின்றாலும்.

வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டிலில் படுத்தே கிடப்பது குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கால்களில் இரத்தம் உறையும் ஆபத்துத்தான் கூடும். ஆகவே 'படுத்திருந்த நல்ல பெண், வேலைக்குப் போன கெட்ட பெண்' என்று கதை போகக்கூடாது. பல குறைமாதப் பிரசவங்களுக்கு வைத்தியர்களாலேயே காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் 29 வாரத்தில் பெற்ற தாயும் இந்தக் கதையைப் பார்ப்பாள்.

மொழியும் நம் வீட்டு மொழியாக இருக்கட்டும். 'கருப்பைக் கழுத்து' என்று எழுதிவிட்டுப் படத்தில் அது எங்கே இருக்கிறது என்று காட்டாவிட்டால் பயனில்லை. வரைந்ததை ஒரு மிட்வைஃபும் அண்மையில் பிள்ளை பெற்ற இரண்டு மூன்று பெண்களும் பார்த்துத் திருத்திய பிறகே பகிர வேண்டும்.

கடைசிப் படத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கட்டும். மகப்பேற்றுப் பிரிவின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கத்தைப் பெண் தானே அதில் எழுதிக்கொள்ளலாம். அதன் கீழே, அழைத்ததும் சொல்லவேண்டியதைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிடலாம்: "ஐ ஆம் தேர்ட்டி வீக்ஸ் பிரெக்னன்ட். மை வோட்டர்ஸ் ஹாவ் புரோக்கன். டமில் இன்டர்பிரிட்டர், பிளீஸ்." மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கேட்கமாட்டார்கள்.