சினிமா காயம் ஏன் எப்போதும் சிவப்பு? செவ்வாய்ப்பேட்டை வண்டி வேடிக்கை முதல் தேசிய விருது வரை

ஆடி மாதம் என்றால் சேலத்துக்காரர்களுக்கு வண்டி வேடிக்கை. குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் ஜோடித்த வண்டிகளில் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவார்கள். சிவன், முருகன் வேஷம் என்றால் பூச்சும் நகையும் கிரீடமும் போதும். நரசிம்மர் மடியில் கிடக்கும் இரணியன் என்றால்? வயிறு கிழிஞ்சிருக்கணும், ரத்தம் வழியணும். சிவப்புச் சாயத்தை அள்ளிப் பூசிவிட்டால், ராத்திரி வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நிற்கிற கூட்டத்துக்கு அது ரத்தம்தான். ஆனா இப்போ எல்லார் கையிலும் செல்போன். ஜூம் போட்டதும் ரத்தம் பெயின்ட் ஆகிவிடுகிறது.

இதே சிக்கல் சினிமாவிலும் உண்டு. நிஜம் போன்ற காயத்தை உருவாக்குவதில் மேக்கப் பெட்டி பாதி வேலைதான். மீதி, காயம் எப்படி உண்டாகிறது, நாலு நாள் கழித்து எப்படி மாறுகிறது என்று தேடிப் படிப்பது. அமெரிக்காவின் டாம் சாவினி வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக் கலைஞராக இருந்தவர். அங்கே கண்ணால் பார்த்த காயங்களைத்தான் பிறகு திகில் படங்களில் கொண்டுவந்தார். அவரே வேலை பார்த்த 1978-ன் 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் ரத்தம் பெயின்ட் மாதிரி பளிச்சென்று இருக்கும் என்பது வேறு கதை!

சரி, போருக்குப் போகாதவர்கள் எங்கே பார்த்துப் படிப்பது?

நம்ம தோலில் காயம் எப்படித் தெரியும்?

இணையத்தில் 'காயம்' என்று தேடினால் வருகிற படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். அதைப் பார்த்து மாநிறத் தோலில் வரைந்தால் பொய்யாகத்தான் தெரியும். வெள்ளைத் தோலில் செக்கச்செவேல் என்று தெரிகிற வீக்கம், நம்ம தோலில் கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். சில நேரம் நிறமே மாறாது, தொட்டால் சூடும் தடிப்பும் மட்டும் இருக்கும்.

கன்றிப்போன காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தத்தை உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும்போது சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள் என நிறம் மாறும். அடிபட்டு 18 மணி நேரமாவது ஆகாமல் மஞ்சள் வராது என்பது தடயவியல் பாடம். அதனால், நேற்று ராத்திரி அடி வாங்கிய ஹீரோ காலையில் மஞ்சள் கன்னத்தோடு எழுந்தால் அது தப்பு. மாநிறத்தில் அந்த மஞ்சளும் பச்சையும் மங்கலாகத்தான் தெரியும், கருநீலம்தான் எடுப்பாக நிற்கும். ஆறிய பிறகும் நம்ம தோல் வேறு மாதிரி. தழும்பு கறுத்துப்போகும், அல்லது நிறம் செத்து வெளுத்துவிடும். காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் 'கெலாய்டு' தழும்பும் கருத்த தோலில்தான் அதிகம்.

இது மேக்கப் சமாச்சாரம் மட்டும் இல்லை. மருத்துவப் பாடநூல்களிலும் இதே குறை. லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கருத்த தோலில் நோய் அறிகுறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டை 2020-ல் ஆசிரியர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார். நியூசிலாந்தின் 'டெர்ம்நெட்' தளத்திலும் பல நிறத் தோல்களின் படங்கள் இருக்கின்றன. மேக்கப் கலைஞர்களுக்கும் இவை நல்ல பாடம்.

அம்மை முத்து

மாரியம்மன் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பீரியட் படத்தில் பெரியம்மை வந்த ஒருவரைக் காட்டணும் என்று வையுங்கள். சின்னம்மையைப் பார்த்து வரைந்தால் போச்சு. சின்னம்மையில் முத்து உடம்பின் நடுப்பகுதியில் அதிகம், ஒரே இடத்தில் புதுசு, நீர் கோத்தது, காய்ந்தது எல்லாம் கலந்து கிடக்கும். பெரியம்மையில் முகம், கை, கால்களில் அதிகம், ஓர் இடத்தில் எல்லா முத்தும் ஒரே பருவத்தில் இருக்கும். இந்தியாவில் கடைசி பெரியம்மை நோயாளி பதிவானது 1975 மே மாதம். 1980-ல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆக, இன்றைய இளம் மேக்கப் கலைஞர்கள் அதை நேரில் பார்த்திருக்க வழியில்லை. பழைய மருத்துவப் படங்கள்தான் துணை. தழும்பு எப்படி இருக்கும் என்று தெரியணுமா? தெருவில் வயசான ஆயா, தாத்தா முகத்தில் அம்மை வடு இருந்தால், அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தீக்காயமும் ஆசிட்டும்

அதிகம் தப்பாகக் காட்டப்படுவது தீக்காயம். மேலோட்டமான காயம்தான் சிவக்கும், அடுத்த நிலையில் கொப்புளம். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் அந்த இடம் வெளுத்தோ கருகியோ, தோல் பை மாதிரி விறைத்துப்போய் இருக்கும். நரம்பும் கருகிவிடுவதால் அங்கே வலியே தெரியாமல் போகலாம். சினிமாவில் அலறித் துடிப்பவரைவிட, அலறாதவர் அதிக ஆபத்தில் இருக்கலாம். பேரிடர் ஒத்திகையிலும் நர்சிங் பயிற்சியிலும் மேக்கப் காயத்தை வைத்துத்தான் யாரை முதலில் கவனிப்பது என்று பழக்குகிறார்கள். அங்கே எல்லாக் காயத்தையும் சிவப்பாக வரைந்தால், கற்றுக்கொள்பவரும் தப்பாகத்தான் கற்றுக்கொள்வார்.

செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு ஆசிட் புதுசு இல்லை. ஆனால் எல்லா ஆசிட்டும் ஒரே மாதிரி சுடாது. நைட்ரிக் ஆசிட் தோலின் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சள் கறை போடும். சல்ஃபியூரிக் ஆசிட் பட்ட இடம் கரும்பழுப்பாகக் கருகும். திரவம் என்பதால் வழிந்த தடமும் விழும். இவ்வளவையும் தெரிந்துகொண்டால்தான் ஒரு முகத்தை நம்பும்படி செய்ய முடியும்.

தமிழில் இதற்குப் பெரிய அங்கீகாரம் 'வழக்கு எண் 18/9' படத்துக்குக் கிடைத்தது. பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-ல் வந்த இந்தப் படம், முகத்தில் ஆசிட் வீசப்பட்ட ஒரு பெண்ணைச் சுற்றியது. 60-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதோடு, சிறந்த ஒப்பனைக்கான விருதும் ராஜாவுக்கு வந்தது. அந்த மேக்கப் பயமுறுத்துவதற்காகப் போட்டது இல்லை. அந்தப் பெண்ணின் வலியை நம்ப வைப்பதற்காகப் போட்டது. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

காரணம், இது நிஜ மனிதர்களின் முகம். ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வாலின் வழக்கில்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவர் வாழ்க்கையை வைத்து 2020-ல் 'சபாக்' வந்தது. ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் நோயாளி போட்டோவை வாங்கி 'ரெஃபரன்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் நிறுத்திவிடுங்கள். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று டாக்டர்களுக்கே விதி இருக்கிறது.

சேலம் வெயிலில் எது நிற்கும்?

ஜெலட்டினில் செய்த காயம் மலிவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சூட்டிலும் வியர்வையிலும் இளகிவிடும். வண்டி மேல் மணிக்கணக்கில் நிற்கிறவருக்குச் சிலிக்கான் நல்லது, ஆனால் விலை ஜாஸ்தி. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சாப்பாட்டுச் சிவப்பு, கூடவே கொஞ்சம் கோகோ பவுடர் போதும். அந்தப் பழுப்பு சேராவிட்டால் மறுபடி பெயின்ட்தான். 'தி எக்ஸார்சிஸ்ட்' மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் பிரபலமான ரத்தக் கலவையும் பாகுதான். அதில் போட்டோ கழுவும் ரசாயனம் ஒன்றும் உண்டு, அதனால் அது வாய்க்குள் போகக் கூடாது.

லிக்விட் லேடக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிக்கும் என்பவர்களுக்குப் போடவே கூடாது. மற்றவர்களுக்கும் முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். சூப்பர் க்ளூ, துணிச் சாயம், ரங்கோலிப் பொடி எதையும் முகத்தில் பூசாதீர்கள். கலைக்கும்போது பிய்த்து இழுக்காமல், எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்கணும். அவசரப்பட்டால் வேஷக் காயம் போய் நிஜக் காயம் வந்துவிடும்.