எள் பயிரில் நுனி கிள்ளுதலும் இலைவழி உரமும்

சம்பா அறுவடைக்குப் பின் மாசிப் பட்டத்தில் எள் விதைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். நகையை அடகு வைத்துக் குத்தகை நிலத்தில் பாடுபடுவோரும் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு மூட்டை கூடுவதும் குறைவதும் பெரிய விஷயம். விலை உயர்ந்த மருந்துகளை வாங்கும் முன், செலவு குறைந்த இந்த வேலைகளைச் செய்து பார்ப்போம்.

எள்ளுக்குக் காய் பிடிப்பது இலைக்கணுவில். கிளை பெருகினால் காய்க்கும் இடமும் பெருகும்.

முதல் வேலை செடி கலைத்தல். விதைத்த 15-ஆம் நாள் செடிக்குச் செடி அரை அடியும், 30-ஆம் நாள் ஒரு அடியும் இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். செடிகள் நெருக்கமாக நின்றால் கிளைக்க இடமிருக்காது.

அடுத்து நுனி கிள்ளுதல். நுனிக்குருத்து வளரும்வரை பக்கக் கிளைகள் அடங்கியே இருக்கும். 25 முதல் 30 நாளுக்குள், பூ வைக்கும் முன், குருத்தை மட்டும் விரலால் கிள்ளி எடுத்தால் பக்கக் கிளைகள் வெடிக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள். வாடிய பயிரிலும், கிளைக்காத ஒற்றைத் தண்டு ரகங்களிலும் கிள்ள வேண்டாம்.

மூன்றாவது இலைவழி உரம். பூக்கும்போது ஒரு முறையும், காய் பிடிக்கும்போது ஒரு முறையும் 1 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கலாம். 2 கிலோ டிஏபியைச் சிறிது நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். அளவு கூடினால் இலை கருகும். வெயில் தாழ்ந்த மாலை வேளையே நல்லது. பகலில் பூவுக்கு வரும் தேனீக்களுக்கும் இடையூறு இராது.

பூக்கள் இலைபோல் பச்சையாக மாறினால் அது உரக்குறை அல்ல. தத்துப்பூச்சி பரப்பும் பூவிலை நோய். உரம் தெளித்தால் தீராது. அந்தச் செடிகளை உடனே பிடுங்கி அழித்துவிடுங்கள்.

முதல் ஆண்டு நான்கு வரிசைகளைக் கிள்ளாமல் விட்டு, இரண்டிலும் காய்களை எண்ணிப் பாருங்கள். கூலிக்கு ஏற்ற பலன் உண்டா என்பதை உங்கள் வயலே சொல்லிவிடும்.

அறுவடையில் மட்டும் தாமதம் கூடாது. அடி இலைகள் உதிர்ந்து, அடிக்காய்கள் மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். எல்லாக் காயும் காயட்டும் என்று காத்திருந்தால், காய் வெடித்து, உழைத்துச் சேர்த்த எள் மண்ணில் சிந்திவிடும்.