கல்லான அமினோ அமிலம்

லண்டனில் 1810-ல் வேதியியலாளர் வில்லியம் ஹைட் வோலஸ்டன் ஆராய்ந்த ஒரு சிறுநீர்ப்பைக் கல், அதுவரை அறியப்பட்டிருந்த எந்தக் கல் வகையிலும் சேரவில்லை. பல்லேடியம், ரோடியம் என இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்தவர் அவர். இதுவும் புதுப் பொருள்தான் என்று அறிவித்தார். இன்று அதன் பெயர் சிஸ்டின். அமினோ அமிலங்களில் மனிதர் பிரித்தெடுத்துப் பார்த்த இரண்டாவது இது. நம் புரதங்களுக்குள்ளேயே அது இருக்கிறது என்று தெரியவர 1899 ஆகிவிட்டது.

சிலருக்கு மட்டும் சிஸ்டின் ஏன் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது? 1908-ல் ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார். பிறவியிலேயே உடலின் வேதிவினைகளில் ஏதோ ஒரு படி விடுபட்டுப்போவதால் சில நோய்கள் வருகின்றன என்றவர், அதற்கு நான்கு நோய்களை எடுத்துக்காட்டினார். சிஸ்டின் கல் நோயும் அவற்றில் ஒன்று. உடலால் சிஸ்டினைச் சிதைக்க முடியவில்லை, அதனால் அது மிஞ்சி வெளியேறுகிறது என்பது அவர் கணக்கு. மற்ற மூன்று நோய்களுக்கும் விடுபட்ட படி என்ற விளக்கம் அருமையாகப் பொருந்தியது. அதனாலேயே நான்காவதை யாரும் நாற்பது ஆண்டுகளுக்குமேல் கிளறவில்லை போலும்.

கிளறியவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் சார்லஸ் டென்ட்டும் அவருடன் பணியாற்றிய ரோஸும். 1940-களில் வந்த தாள் நிறப்பகுப்பு என்ற எளிய உத்தி, ஒரு சொட்டுச் சிறுநீரிலுள்ள அமினோ அமிலங்களைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டியது. நோயாளிகளின் சிறுநீரில் சிஸ்டினோடு லைசின், ஆர்ஜினைன், ஆர்னிதைன் ஆகிய மூன்றும் ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தன. அவை நீரில் நன்றாகக் கரைபவை, சத்தமில்லாமல் வெளியேறிவிட்டன. சிஸ்டின் ஒரு லிட்டர் சிறுநீரில் கால் கிராம் அளவுக்குத்தான் கரையும். கல்லாகிக் காட்டிக்கொடுத்தது அது மட்டுமே.

சிஸ்டினைச் சிதைப்பதில்தான் கோளாறு என்றால் மற்ற மூன்றும் ஏன் கூடவே வர வேண்டும்? டென்ட் நான்கின் மூலக்கூறு வடிவத்தையும் ஒப்பிட்டார். நான்கிலும் இரண்டிரண்டு அமினோ தொகுதிகள், ஏறத்தாழ ஒரே இடைவெளியில். ஆக, பழுது வேதிவினையில் இல்லை. சிறுநீரகத்தில் இந்த நான்கையும் திரும்ப உள்ளே எடுக்கும் பொதுவான ஏற்பாட்டில் இருக்கிறது என்று 1951-ல் அவர்கள் எழுதினார்கள். அப்படியொரு ஏற்பாட்டை அப்போது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சிறுநீரில் எவையெவை சேர்ந்து போகின்றன என்பதை வைத்தே அதன் இருப்பையும் குணத்தையும் ஊகித்தது, எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான துப்பறிதல்களில் ஒன்று.

இந்த ஏற்பாடு எதற்கு? செல்லின் சவ்வு கொழுப்பாலான மெல்லிய படலம். அமினோ அமிலமோ ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் சுமந்து நிற்பது. கொழுப்புக்குள் அது நுழையாது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதோடு வடிந்துபோகும் அமினோ அமிலங்களில் பெரும்பங்கைச் சிறுகுழல்களின் செல்கள் மீட்டெடுத்தாக வேண்டும். சவ்வில் குறுக்கே பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள்தான் இதைச் செய்கின்றன. இவை வெறும் ஓட்டைகள் அல்ல. வெளிப்பக்கம் திறந்து, மூலக்கூறைப் பற்றி, மூடி, பிறகு உள்பக்கம் திறப்பவை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை.

சிஸ்டின் கடத்தி இன்னும் ஒரு படி மேல். வெறும் பரிசலோடு திரும்பவே திரும்பாத ஓடக்காரர் மாதிரி, ஒரு சிஸ்டினையோ லைசினையோ உள்ளே இறக்கிவிட்டு, செல்லுக்குள்ளிருந்து லியூசின் போன்ற வேறொரு அமினோ அமிலத்தை வெளியே ஏற்றிக்கொண்டு போகிறது. அப்படி வெளியே போனதை இன்னொரு கடத்தி சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளுகிறது சோடியம் பம்ப். இந்தப் பரிமாற்றக் கடத்தி இரண்டு புரதங்களின் கூட்டு. ஒன்று சுமக்கிறது, மற்றொன்று அதைச் சவ்வுவரை கொண்டுசேர்க்கிறது. எது கெட்டாலும் நோய்தான். இவற்றுக்கான மரபணுக்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1994-லும் 1999-லும் தெரியவந்தது.

இதே கடத்தி சிறுகுடலிலும் உண்டு. நோயாளிகளுக்கு அங்கும் அது வேலை செய்யாது. லைசினை உடலால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். அப்படியானால் இவர்கள் சத்துக்குறைவால் வாடியிருக்க வேண்டுமே? வாடவில்லை. ஏனென்றால் குடல், புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலமாக உடைத்து மட்டும் உறிஞ்சுவதில்லை. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளாகவும் அள்ளிக்கொள்கிறது, முற்றிலும் வேறொரு கடத்தி வழியாக. சிறுநீரகக் குழலுக்கு வரும் லைசினும் சிஸ்டினும் பெரும்பாலும் தனித்தனியாக வருவதால் அங்கே அந்த மாற்று வழி கைகொடுப்பதில்லை.

பழுதான கடத்தியைச் சரிசெய்யும் மருந்து இன்னும் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், இரவில் எழுந்தும். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் தருகிறார்கள். அதுவும் போதாதபோது சிஸ்டினை இரண்டாகப் பிளந்து நன்றாகக் கரையவைக்கும் மருந்துகள் உண்டு.

கடத்திகள் பெயரைப் பார்ப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கின்றன. இதன் இன்னொரு விளைவைப் பார்க்கின்சன் நோயாளிகள் அறிவார்கள். அவர்களுக்குத் தரப்படும் லெவோடோபாவும் வடிவத்தில் ஓர் அமினோ அமிலமே. லியூசினையும் ஃபினைல்அலனினையும் மூளைக்குள் ஏற்றும் அதே கடத்தியில்தான் அதுவும் ஏற வேண்டும். வயிறு நிறைய முட்டையோ கறியோ பருப்போ சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால், கூட்டத்தில் மருந்து பின்தங்கிவிடும். சிலருக்கு அன்று கைகால் இறுக்கம் தளராது. உணவுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ விழுங்கச் சொல்வது இதனால்தான். இந்த ஏற்ற இறக்கம் கடுமையாக இருப்பவர்களிடம், புரத உணவைப் பகலில் குறைத்து ராத்திரிக்கு ஒதுக்கிவைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு.