மறைசேவை இணைப்பும் பெயர்த் தேடலும்

டோர் வலையமைப்பின் மறைசேவையொன்றுடன் இணைய இயலாதவிடத்து, சேவையே செயலிழந்ததென முடிவுகட்டுதல் பொருந்தாது. பெயர்த் தேடல் எங்கே நிகழ்கிறது என்பதையே நாம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

‘ஒனியன்’ என முடியும் முகவரிகள் பொதுவான ஆள்களப் பெயர் முறைமையில் இடம்பெறுவதில்லை. டோர் மட்டுமே அவற்றை அறியும். ஆகவே பெயரை அவ்வாறே சொக்ஸ் 5 பதிலியிடம் ஒப்படைத்தல் வேண்டும். கேர்ள் கருவியில் ‘சொக்ஸ்5’ எனக் குறிப்பின் கணினியே பெயரைத் தேட முற்படும். ‘சொக்ஸ்5எச்’ எனின் அப்பணி பதிலியைச் சாரும்.

அடுத்து நோக்கவேண்டியவை மூன்று. டோர் தனித்தியங்கின் வழக்கமான துறை 9050; டோர் உலாவியுடன் இயங்கின் 9150. கணினியின் கடிகாரம் சரியாயிருத்தல் வேண்டும். முகவரி, முடிபு நீங்கலாக, 56 குறிகள் உடையதாதல் வேண்டும். 16 குறிகளையுடைய பழைய முகவரிகளுக்கான ஆதரவு 2021இல் நீக்கப்பட்டது.

வெளியே நிகழும் பெயர்த் தேடல் வெறும் தொழினுட்பத் தவறன்று; நாம் நாடிய இடத்தை அது பிறருக்கு அறிவித்துவிடுகின்றது. தகவல் தருவோரைக் காக்கவேண்டிய பத்திரிகையாளருக்கு, இணைப்புத் தோல்வியினும் அவ்வெளிப்பாடே பெருங்கேடாகும்.