கிணற்று வாயில் ஒரு நகரம்

மெக்சிகோவின் யுகாடான் பகுதியில் மாயா மக்கள் எழுப்பிய சிச்சென் இட்சாவை அதிகச் செலவில்லாமல் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயடோலிட் ஊரில் தங்கி, காலை வெயில் ஏறுமுன் ஷேர் வேனைப் பிடித்தால் போதும். வாசலில் கிடைக்கும் வழிகாட்டியை நாலைந்து பேராகச் சேர்ந்து அமர்த்திக்கொண்டால் கட்டணமும் பங்காகிவிடும்.

நடுவே நிற்பது குகுல்கான் பிரமிடு. பக்கத்துக்கு 91 படிகள். நான்கு பக்கமும் உச்சி மேடையும் சேர்ந்தால் 365. ஏற அனுமதியில்லை, போகட்டும். படிகளுக்கு எதிரே நின்று பலமாக ஒரு கைதட்டுங்கள். எதிரொலி, கீச்சென்று பறவைக் குரலாகத் திரும்பி வரும்!

அப்புறம் குளியல். சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து, நிலத்தடி நீர் வெளியே தெரியும் இயற்கைக் கிணறுதான் செனோட்டே. தரைமேல் ஆறுகளே ஓடாத அந்த மண்ணில் தாகம் தீர்த்தவை இவைதாம். சிச்சென் இட்சா என்றாலே ‘இட்சா மக்களின் கிணற்று வாய்’ என்றுதான் பொருள். அங்குள்ள புனிதக் கிணற்றில் இறங்க முடியாது. வயடோலிட் ஊருக்குள்ளேயே இருக்கும் சாசி செனோட்டேயில் நீந்தலாம். சன்ஸ்கிரீன் பூச்சைக் கழுவிவிட்டுக் குதியுங்கள்.